நாலாவது கல்லும் பீலிக்ஸின் பியர்ப் போத்தலும்

மைதிலியை வுப்பர்டால் தமிழ்ச் சனம் லண்டன்காரி என்றுதான் சொல்லும். அது முழுப் பிழை. லண்டனை அவள் மூன்று தரமோ நான்கு தரமோதான் பார்த்திருக்கிறாள். அதுவும் கடவுச்சீட்டு அலுவலாகத் தகப்பனோடு போய் அன்றைக்கே திரும்பின பயணம். அவள் வளர்ந்தது இங்கிலாந்தின் கிராமங்களில். ஒன்றல்ல, இரண்டு.

"கிராமமோ? இங்கிலாந்திலையோ? அங்க மாடு கிடக்கோ?" கணவனின் தமக்கை கமலநாயகி, மைதிலி கலியாணமாகி ஜெர்மனிக்கு வந்த முதல் கிழமையே இப்படிக் கேட்டாள்.

"மாடும் கிடக்கு, சாணியும் கிடக்கு மச்சாள். நான் வெறுங்காலோட மிதிச்சிருக்கிறன்."

"அப்ப நாங்கள் உனக்குப் பட்டணத்துப் பொம்பிளையெண்டு விசரிலை கதிரை துடைச்சுப் போட்டிருக்கிறம்" என்றாள் கமலநாயகி. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒற்றுமை. சண்டை பிடித்தாலும் ஒற்றுமை.

மைதிலியின் தகப்பன் இரத்தினம் கொக்குவில்காரர், டொக்டர். மகளுக்கு நான்கு வயது நடக்கும்போது மனைவி சாந்தாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போனார். பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் நல்ல இடமெல்லாம் உள்ளூர் ஆட்களுக்குப் போய்விடும். வேறு டொக்டர் போக விரும்பாத மூலைகள்தான் இவரைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும். முதலில் கிடைத்தது கிழக்குப் பக்கம், கடலுக்குக் கிட்ட, உள்ளங்கை மாதிரித் தட்டையான ஒரு ஊர். அங்கே ஐந்து வருஷம். பிறகு மேற்கே, மழை இல்லாத நாளில் வேல்ஸ் மலைகள் தெரிகிற தூரத்தில், அப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டு ஊர். அங்கேயும் ஐந்து வருஷம்.

அந்த மேட்டு ஊரைப் பற்றிக் கேட்டால் மைதிலிக்கு வாய் மூடாது. பள்ளிக்கூடத்தில் மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகள். விடியப் பால் போத்தலை வாசலில் வைத்தால், நீலக் குருவி வந்து மூடியைக் கொத்தி ஆடையைக் குடித்துவிட்டுப் போகும். வயலுக்கால் நடக்கும்போது, திறந்து கிடந்த படலையைத் திறந்தபடி விடவேண்டும், பூட்டிக் கிடந்ததைப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். இந்த ஒன்றை மறந்தால் ஊரில் ஒருவரும் முகம் கொடுக்கமாட்டார்கள். கோடை முடிவில் ஊர்க் கண்காட்சி நடக்கும். யாருடைய லீக்ஸ் பெரிது, யாருடைய ஊறுகாய் ருசி என்று பரிசு கொடுப்பார்கள். சாந்தா ஒரு வருஷம் தேசிக்காய் ஊறுகாய் வைத்தாள். நடுவர் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்டார்கள். இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு ஏன் இல்லை என்று மைதிலி இன்றைக்கும் கேட்பாள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அவளிடம் ஒரு சடங்கு இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை நிற்காது.

வரைபடமும், அதை வாசிக்கத் தெரிந்த ஆளும் அருமையாக இருந்த காலத்தில், அந்த நாட்டுச் சனம் ஊர் எல்லையைக் கடதாசியில் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளின் தலையில் எழுதி வைத்தது. வருஷா வருஷம், இயேசு விண்ணேறிய வியாழக்கிழமை, ஊரே தடியோடு எல்லையைச் சுற்றி நடக்கும். எல்லைக்கல் வரும் இடத்தில் ஒரு பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி, உச்சந்தலையை மூன்று தரம் கல்லில் தட்டுவார்கள். காயப்படாமல்தான், ஆனால் மறக்காத அளவுக்கு. பிறகு தின்னக் கையில் ஒரு இனிப்புப் பணிஸ். அந்தப் பிள்ளை எழுபது வயதுக் கிழமாகி, எல்லைத் தகராறு வரும்போது, "இந்தா, இங்கதான் என்ர தலை பட்டது" என்று கல்லைக் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கு மூளை இல்லை என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் இருந்து யோசிக்கவேண்டும்.

கிழக்கு ஊரிலும் இந்த நடை உண்டு. ஐந்து வருஷமும் அந்தக் கூட்டம் டொக்டர் வீட்டுப் படலையைத் தாண்டிப் போனது. மைதிலி படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றாள். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுட்டது.

மேற்கு ஊருக்கு வந்தபோது வயது ஒன்பது. முதல் வருஷமே, கூட்டம் வருவதற்கு முன்னமே படலையைத் திறந்துகொண்டு வீதிக்கு வந்துவிட்டாள். முதல் கல்லடியில் பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றாள். தோட்டக்காரன் ஒருவனின் மனைவி மெல்லச் சொன்னாள்: "டொக்டர் போற இடத்துக்கு இந்தப் பிள்ளையும் போயிடும். இதின்ர தலையிலை தட்டி என்ன பிரியோசனம்?"

"நான் போனாலும் மறக்கமாட்டன்" என்றாள் மைதிலி.

தேவாலயத்தில் மணி அடிக்கிற வால்டர் என்ற கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மறக்கமாட்டன் எண்டு மற்றதுகள் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். "ஆராவது வந்து இந்தப் பிள்ளையின்ர மற்றக் காலைப் பிடியுங்கோ."

அன்றைக்குப் பத்தொன்பது கல். எல்லாவற்றிலும் தன் தலை படவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது உச்சியில் நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம். சாந்தா ஐயோ என்று எண்ணெய் எடுத்து வந்தாள். இரத்தினம் வீக்கத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "கொக்குவிலிலை வேலிக்குச் சண்டை பிடிச்சு மண்டை உடையும். இஞ்ச முதலிலையே உடைச்சுப்போட்டுச் சண்டையை நிப்பாட்டுறாங்கள். புத்திசாலிச் சனம்."

தோட்டக்காரன் மனைவி சொன்னதும் நடந்தது. மைதிலிக்குப் பதினான்கு வயதில் டொக்டருக்கு மாற்றம் வந்தது. ஊரை விட்டுப் போனார்கள். பத்தொன்பது கல்லும் அவள் தலையில் அப்படியே இருந்தன. எந்த வேலியடியில், எந்த ஓடைக்கரையில், எந்த மரத்துக்குக் கீழே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் அவற்றை அவளிடம் கேட்க ஒருவரும் வரவில்லை.

இருபத்துமூன்று வயதில் பரராசசிங்கத்தைக் கலியாணம் கட்டி வுப்பர்டாலுக்கு வந்தாள். அவர் கோண்டாவில்காரர். அகதியாக வந்து, வருஷக்கணக்காக விசாவுக்கு வரிசையில் நின்று, ஆயுதங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்தவர். ஆயுதம் என்றால் குறடு, சுத்தியல், அரம். அமைதியான மனிதர். அரசாங்க முத்திரை குத்தின கடிதம் கண்டால் மாத்திரம் கை விறைத்துப் போகும். அந்த வரிசையில் நின்ற காலத்தின் மிச்சம் அது. மைதிலி வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குப் போனாள். ஒரே பிள்ளை, மிதுஷா.

யூரோ வந்த வருஷம் அவர்களுக்கு ஒரு தோட்டத் துண்டு கிடைத்தது. மலைச் சரிவில், தோட்டச் சங்கம் பிரித்து வாடகைக்குக் கொடுக்கிற துண்டுகளில் ஒன்று. அதற்கு நாலு வருஷம் காத்திருந்தார்கள். முதல் குத்தகைக்காரரின் விதவை, ஊன்றுகோலால் புல்லை விலக்கி மூலைக்கு ஒன்றாக நாலு எல்லைக்கல்லையும் காட்டினாள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிலுவை வெட்டியிருந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழே இடப்பக்கம் இருந்ததுதான் நாலாவது கல். அதற்கு அங்காலே பீலிக்ஸின் தோட்டம்.

வைகாசியில் விண்ணேறிய வியாழன் வந்தது. ஜெர்மனியிலும் அன்றைக்கு விடுமுறைதான். ஆனால் இங்கே அது தகப்பன்மாரின் நாள். ஆம்பிளைகள் கைவண்டிலில் பியரை ஏற்றிக்கொண்டு காடு மேடெல்லாம் திரிவார்கள். மைதிலி மட்டும் தடி வெட்டினாள், பயற்றம் பணியாரம் சுட்டாள், கணவனையும் ஏழு வயது மகளையும் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்னப்பா இது, ஆரும் பார்த்தால் என்ன நினைப்பினம்?" என்றார் பரராசசிங்கம், மகளின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு.

"எல்லை தெரிஞ்ச சனமெண்டு நினைப்பினம். பதியப் பிடியுங்கோ."

நாலாவது கல்லில் மிதுஷாவின் தலை இரண்டாம் தரம் பட்டபோது, பற்றைக்கு மேலால் பீலிக்ஸின் சிவந்த முகம் எழும்பியது. பீலிக்ஸ் வுப்பர்டாலின் தொங்கு ரயில் ஓட்டுகிறவர். பெரிய உடம்பு. தன் தோட்டத்தில் தனியே இருந்து தகப்பன்மார் தினம் கொண்டாடிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையை என்ன செய்யிறியள்? நான் பொலிசைக் கூப்பிடுவன்."

"கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் ஒருக்காத்தான் இருக்கு" என்றாள் மிதுஷா, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு.

மைதிலி விளங்கப்படுத்தினாள். முழுக் கதையும் சொன்னாள், வால்டர் கிழவரிலிருந்து. பீலிக்ஸ் போத்தலோடு நின்று கேட்டார். சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு முகம்.

"இது எனக்கும் உமக்கும் பொதுக்கல்" என்று முடித்தாள் மைதிலி. "நீரும் வாரும். பெரிய ஆக்களைத் தலைகீழாத் தூக்குறேல்லை, இருத்தித்தான் மோதுறது."

அவள் பேச்சுக்கு மறுபேச்சுச் சொல்வது லேசு இல்லை. பீலிக்ஸ் வந்தார். மைதிலி பின்னுக்கு நின்று கக்கத்துக்குள் கை கொடுத்தாள், பரராசசிங்கம் முன்னுக்கு நின்று கையைப் பிடித்தார், அந்தப் பெரிய மனிதனை மூன்று தரம் கல்லில் இருத்தி எழுப்பினார்கள். மூன்றாம் தரம் எழுப்ப ஏலாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பீலிக்ஸ் கல்லிலேயே இருந்து, பணியாரமும் தின்று, பியரும் குடித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அடுத்தடுத்த வருஷங்களில் அந்த வியாழன் அவருக்கு வேலை நாளாய்ப் போனது. மிதுஷாவுக்கோ ஒரு வருஷமும் தப்பவில்லை. ஐந்து வருஷம், ஐந்து தரம் நாலு கல்.

இடையில் பரராசசிங்கத்தின் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். ஐம்பதை நெருங்குகிற மனிதன் காலமை எழும்பிச் சவரம் எடுத்து, சட்டை போட்டு, போக இடமில்லாமல் சோபாவில் இருந்தார். மைதிலி அதைப் பத்து நாள் பார்த்தாள். பதினோராம் நாள், வுப்பர்டாலில் வீடு திருத்துகிறவர்கள் வீதியில் எறிகிற பழைய யன்னல்களைக் காட்டினாள். "எனக்கொரு கண்ணாடி வீடு வேணும். கத்தரியும் மிளகாயும் இந்தக் குளிருக்கு வெளியில வராது." இரண்டு கோடை எடுத்தது. ஒவ்வொரு யன்னலும் வேறு வேறு அளவு, வேறு வேறு நிறம். ஒன்றில் பழைய பூட்டுக்கூட இருந்தது. சங்கத்திடம் அனுமதி எடுத்து, எல்லையிலிருந்து விடவேண்டிய தூரத்தை விட்டு, பீலிக்ஸ் பக்கத்து மூலையில் அது எழும்பியது. அதற்குள் நின்றபடிதான் பரராசசிங்கம் மறுபடி சீட்டியடிக்கத் தொடங்கினார்.

உலகக் கிண்ணப் பந்தாட்டம் ஜெர்மனியில் நடந்ததற்கு அடுத்த தை மாதம் பெரிய புயல் அடித்தது. பிறகு ஒரு கிழமை மழை. மேல் வரம்பு இடிந்து, சேறு இறங்கி, தோட்டத்தின் கீழ் மூலையை முழங்கால் ஆழத்துக்கு மூடிவிட்டது. வேலி போனது, பற்றை போனது, மூலையில் நின்ற தண்ணீர்க் குழாய்த் தூண் போனது. நாலாவது கல் மண்ணுக்குள். கண்ணாடி வீட்டில் நாலு யன்னல்தான் உடைந்தது.

பங்குனியில் சங்கம் குழாயைத் திருப்பி நட்டது. வேலை செய்தவர்கள் தங்களுக்கு வசதியான இடத்தில், மைதிலியின் பக்கம் இரண்டு எட்டு உள்ளே நட்டுவிட்டார்கள். அதே மாதம் புதுத் தலைவர் வந்தார். நேர்மையான மனிதர்தான், ஆனால் கடதாசி மனிதர். சங்கத்தின் வரைபடத்தில், எல்லை மேல் கல்லிலிருந்து குழாய்த் தூணுக்குப் போகிறது. அவர் கயிறு பிடித்தார். கயிறு கண்ணாடி வீட்டுக்கு நடுவால் போனது. கடிதம் வந்தது: கட்டடம் அடுத்தவர் நிலத்தில் நிற்கிறது, வைகாசி முடிவதற்குள் அகற்றவேண்டும்.

பரராசசிங்கம் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். பிறகு சுத்தியலை எடுத்து மேசையில் வைத்தார்.

"உடைப்பம். முத்திரை குத்தி வந்திட்டுது."

"முத்திரை குத்தினால் குழாய் நடந்துபோய்ப் பழைய இடத்தில நிக்குமோ?"

"மைதிலி, இவங்களோட வழக்காட ஏலாது."

"ஏன் ஏலாது?" என்றாள் பக்கத்தில் இருந்த கமலநாயகி இடையிலே. "வேலியிலை நட்ட ஒரு கதியாலுக்கு இருவது வருசம் வழக்காடின குடும்பம் எங்கட. கோண்டாவில் ஆக்கள் அரக்கி அங்கால தள்ளாத வேலியோ? எங்கட அப்பு சாகிற அண்டும் கதியாலைத்தான் கேட்டவர்."

"அந்த வழக்கு என்ன ஆச்சு மச்சாள்?"

"தோத்திட்டம்" என்றாள் கமலநாயகி. "ஆனா வடிவாத் தோத்தம்."

மைதிலி சிரிக்கவில்லை. சுத்தியலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டாள். அந்த மனிதன் தன் கையால் கட்டினதைத் தன் கையாலேயே உடைத்தால், திரும்ப அந்த சோபாவுக்குத்தான் போவார். அது அவளுக்குத் தெரியும். மற்றது எல்லாம் சின்ன விஷயம்.

முதலில் பீலிக்ஸிடம் போனாள். பீலிக்ஸின் மனைவிக்குக் கனகாலமாக மரத்தில் ஒரு சின்ன இருக்கை மண்டபம் வேண்டும், இடமில்லை. இப்போது இரண்டு எட்டு நிலம் சும்மா வருகிறது. பீலிக்ஸ் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கொண்டும் தெரியாது மைதிலி. கடதாசி அப்பிடிச் சொல்லுது."

"அந்தக் கல்லிலை நீர் இருந்தனீர்."

"அது அஞ்சு வருசத்துக்கு முந்தி. நான் குடிச்சிருந்தனான்."

மைதிலி நேரே தலைவரிடம் போய் ஒரு டெர்மின் கேட்டாள், தோட்டத்துக்கு வர ஒரு நாளும் நேரமும். கல்லைக் காட்டுகிறேன் என்றாள். தலைவர் யோசித்தார். இடிந்த வரம்பைக் கட்ட வலை விரித்து, செடி நட்டிருந்தார்கள். கண்டபடி கிண்டினால் திரும்ப இடியும். "ஒரு கிடங்கு" என்றார். "மண்வெட்டி அகலத்துக்கு ஒரேயொரு குழி. கல் இருந்தால் கல் சொல்லுறதுதான் எல்லை. இல்லாட்டிக் கடதாசி."

"ஒண்டு போதும்" என்றாள் மைதிலி.

வீட்டுக்கு வந்து மிதுஷாவிடம் சொன்னாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது.

"அம்மா, நான் அந்தக் கல்லை நிண்டு பார்த்ததே இல்லை. தலைகீழாத்தான் தெரியும். அதில தொங்கேக்கை ஊசிக்கால் மனிசன் தெரிவான்."

"ஆர் அது?"

"எதிர்மலையிலை அந்தப் பழைய புகைபோக்கி இருக்கெல்லோ. அதுக்குப் பின்னால தேவாலயக் கோபுரத்தின்ர கூர் மட்டும் தெரியும். தலைகீழாப் பார்த்தால் புகைபோக்கி ஒரு ஊசியிலை ஒற்றைக்காலிலை நிக்கிற மாதிரி. அந்தக் கல்லிலை மட்டும்தான் அவன் நேராய் நிற்பான். மற்றக் கல்லிலையெல்லாம் ஊசி விலகிப் போயிடும்."

மைதிலி மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை, கொஞ்சவில்லை. "நாளைக்குத் தலைமயிரை இறுக்கிப் பின்னு" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலமை பத்து மணி. தலைவர் கடதாசிக் கட்டோடும் மண்வெட்டியோடும் வந்தார். பீலிக்ஸ் எல்லைக்காரர் என்ற முறையில் வரவேண்டும், வந்தார். கமலநாயகி பணியாரப் பெட்டியோடு வந்து, வந்த உடனேயே தொடங்கினாள்.

"எடி, வயசுக்கு வாற பிள்ளையை ஆம்பிளையளுக்கு முன்னால தலைகீழாத் தூக்குறதோ?"

"ஜீன்ஸ் போட்டிருக்கிறன் மாமி" என்றாள் மிதுஷா.

பரராசசிங்கம் ஒரு காலைப் பிடித்தார். பிள்ளை வளர்ந்துவிட்டாள், ஒருவரால் ஏலாது. மைதிலி பீலிக்ஸைத் திரும்பிப் பார்த்தாள். "பீலிக்ஸ், மற்றக் காலைப் பிடியும்."

பீலிக்ஸ் கையைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு வந்து பிடித்தார்.

தலைவர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். மிதுஷா தலைகீழாக எதிர்மலையைப் பார்த்தாள். "அங்கால... இன்னும் அங்கால... அவன் இன்னும் சரிவாய் நிக்கிறான்." இரண்டு ஆம்பிளைகளும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். ஒருவர் மற்றவரின் காலை மிதித்தார். "கொஞ்சம் திரும்பி... நில்லுங்கோ. இப்ப நேரா நிக்கிறான்."

மைதிலி அந்த இடத்தில் ஒரு தடியை ஊன்றினாள். அது புதுக் குழாயிலிருந்து நல்ல தூரம், பீலிக்ஸின் பக்கமாக.

தலைவர் வந்து தடிக்குப் பின்னால் குந்தியிருந்து பார்த்தார். புகைபோக்கியும் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் நின்றன. "சரி" என்றார் மெல்ல. "ஆனா இந்தக் கோட்டிலை எவ்வளவு மேல, எவ்வளவு கீழ? நேராய்ப் போகப் போகக் கோடு மாறாது. நான் எந்த இடத்தில கிண்டுறது?"

மிதுஷாவை நேராக்கி விட்டார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது. அந்தக் கோட்டில் பத்து எட்டு நீளம் இருக்கிறது. கிடங்கு ஒன்று.

பரராசசிங்கம் கண்ணாடி வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

மைதிலி பீலிக்ஸிடம் போனாள். அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவள் நியாயம் பேசவில்லை, கெஞ்சவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சீனி கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"அண்டைக்குக் கல்லிலை இருந்து பியர் குடிச்சனீர். பணியாரம் தின்னேக்கை போத்தலை எங்க வைச்சனீர்? நான் உமக்குப் பின்னால நிண்டனான், எனக்குத் தெரியேல்லை."

பீலிக்ஸின் தோட்டத்தில், மேலிருந்து கீழே இறங்குகிற கற்படி இருக்கிறது. ஏழு படி. கடைசி இரண்டும் இப்போது சேற்றுக்குள். அவர் அந்தப் படியைப் பார்த்தார். பிறகு மிதுஷாவைப் பார்த்தார். அவளின் காலைப் பிடித்த கையை ஒருதரம் விரித்து மூடினார்.

"கடைசிப் படியிலை" என்றார்.

"எப்பிடி?" என்றார் தலைவர்.

"கடைசிப் படியிலை வைச்சன். இடக்கையை நீட்டினன், எட்டினது. எழும்பேல்லை. எழும்பினால் விழுந்திடுவன், அதாலதான் எழும்பாமல் வைச்சன்." பீலிக்ஸின் முகம் சிவந்துபோயிருந்தது. "ஆளை மறந்தாலும் நான் என்ர போத்தல் வைச்ச இடத்தை மறக்கிறேல்லை."

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?" தலைவர் வரைபடத்தைத் தூக்கிப் பிடித்தார். "அப்பிடியெண்டால் அந்த ரெண்டு எட்டு உங்களுக்கு இல்லை."

"படி எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும்" என்றார் பீலிக்ஸ். "நான்தான் கட்டினனான்."

படி எண்ணினார்கள். ஐந்தாவது வரைக்கும் தெரிந்தது. ஒரு படியின் அகலத்தைக் கயிற்றால் அளந்து ஆறாவதும் ஏழாவதும் எங்கே முடியும் என்று பார்த்தார்கள். பீலிக்ஸ் அந்த இடத்துக்கு நேரே போய்ச் சேற்று மேட்டில் குந்தி, இடக்கையை நீட்டினார். மிதுஷாவின் தடிக் கோடு அவருடைய பின்புறத்துக்குக் கீழாலேயே போனது.

தலைவர் அவரை எழும்பச் சொல்லிவிட்டு மண்வெட்டியால் வெட்டத் தொடங்கினார். வலையைக் கவனமாக விலக்கி, மண்வெட்டி அகலத்துக்கு. முழங்கால் ஆழத்தில் டங் என்றது. கமலநாயகி பணியாரப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். தலைவர் முழங்காலில் நின்று கையால் மண்ணைத் துடைத்தார். கல்லின் தலையில் வெட்டின சிலுவை தெரிந்தது.

பரராசசிங்கம் கிடங்கை எட்டிப் பார்த்தார். பிறகு நடந்துபோய்க் கண்ணாடி வீட்டுக் கதவைத் திறந்து, உள்ளே போய், உடைந்த நாலு யன்னலின் அளவையும் நாடாவால் எடுக்கத் தொடங்கினார்.

"பீலிக்ஸ்" என்றாள் மைதிலி. "உம்மட மனிசிக்கு மண்டபம் வேணுமெண்டால், என்ர மேல் மூலையிலை உம்மட பக்கம் சரிஞ்சு நிக்கிற அந்தப் பெரிய பற்றையை வெட்டுறன். உம்மட பக்கம் வெயில் வரும், இடமும் கிடைக்கும். கல்லை மட்டும் தொடப்படாது."

பீலிக்ஸ் தலையாட்டினார். கமலநாயகி ஒன்றும் கேட்காமலே அவர் கையில் இரண்டு பணியாரத்தை வைத்தாள்.

தலைவர் எழும்பி, முழங்கால் மண்ணைத் தட்டி, கடதாசியை விரித்துப் பேனை மூடியைக் கழற்றினார். "இதைப் பதியவேணும். திகதி, சாட்சி, இடம்..."

"எழுதுறது பிறகு" என்றாள் மைதிலி. "முதல் இருங்கோ."

"நானோ?"

"நீங்கள்தானே தலைவர். உங்களுக்குத்தான் முதலிலை தெரிஞ்சிருக்கவேணும்."

தலைவர் பீலிக்ஸைப் பார்த்தார். பீலிக்ஸ் பணியாரத்தை வாய்க்குள் போட்டு, இரண்டு கையையும் நீட்டினார். "மூண்டு தரம். கொஞ்சம் நோகும்."

மைதிலி பின்னுக்குப் போய்த் தலைவரின் கக்கத்துக்குள் கை கொடுத்தாள். கிடங்கை மிதுஷா கையாலேயே கொஞ்சம் அகலமாக்கிக் கொடுத்தாள், ஒருவரும் தடுக்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. தலைவர் சிலுவைக் கல்லில், முழங்கால் நாடியில் முட்ட, நல்ல காற்சட்டையோடு இருந்தார்.

"நேரே என்ன தெரியுது?" என்று கேட்டாள் மைதிலி.

"கண்ணாடி வீடு. உள்ள உங்கட மனிசர் நிக்கிறார். சீட்டியடிக்கிறார்."

"இடக்கைப் பக்கம்?"

"பீலிக்ஸின்ர படி."

"சரி" என்றாள் மைதிலி. "இனி எழுதுங்கோ."